வெளிநாட்டில் மதம் தரும் அதிர்ச்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புது நாட்டுக்குக் கிளம்புகிறவர்கள் குளிர் எப்படி, வாடகை எவ்வளவு, மொழி கஷ்டமா என்று நூறு கேள்வி கேட்பார்கள். அங்கே மதம் எப்படி என்று கேட்பவர்கள் குறைவு. போய் இறங்கிய முதல் மாதத்திலேயே பலருக்கு அதுதான் இடிக்கிறது. நான் முதலில் ஜெர்மனியில் இருந்தேன், இப்போது துபாயில் இருக்கிறேன். இரண்டு இடத்திலும் வெளியாள்தான். எனக்குப் பின்னால் வந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். சில பதில்கள் நீளமாக இருக்கும். அந்த இடங்களில்தான் ஆட்கள் அதிகம் சிக்கிக்கொள்கிறார்கள்.

இதுவும் கலாசார அதிர்ச்சிதானே? மதத்துக்கென்று தனியாக என்ன இருக்கிறது?

வேர் ஒன்றுதான். கலாசார அதிர்ச்சி என்ற பேச்சைப் பரவலாக்கியவர் கனடாவில் பிறந்த மானுடவியலாளர் கலெர்வோ ஓபர்க். 1954-இல் ரியோ டி ஜெனீரோவில் அவர் ஆற்றிய உரை 1960-இல் கட்டுரையாக வந்தது. எப்போது கைகுலுக்குவது, யாரிடம் எப்படிப் பேசுவது என்று நாம் யோசிக்காமலேயே பின்பற்றிவந்த சின்னச் சின்னக் குறிப்புகள் எல்லாம் ஒரே நாளில் செல்லாமல் போவதால் வரும் பதற்றம் என்று அவர் விளக்கினார். அந்தக் கட்டுரை வெளியானது கிறிஸ்தவ மிஷனரிகளை மனத்தில் வைத்து நடத்தப்பட்ட ஒரு மானுடவியல் இதழில். மதத்தைப் பரப்பப் போனவர்களுக்கே இந்த விளக்கம் தேவைப்பட்டிருக்கிறது.

மதத்தில் கூடுதலாக ஒன்று உண்டு. மொழியில் தப்பு செய்தால் சிரித்துத் திருத்திவிடுவார்கள். மத விஷயத்தில் தப்பு செய்தால் எதிரில் இருப்பவரின் முகம் இறுகும், ஆனால் என்ன தப்பு என்று வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். நாமும் கேட்கத் தயங்குவோம். அப்படியே மாதக்கணக்கில் ஓடிவிடும்.

எனக்கு மத நம்பிக்கையே கிடையாது. எனக்கும் இது வருமா?

வரும். ஏனென்றால் முதலில் மோதுவது கடவுள் அல்ல, நாட்காட்டி.

ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். அந்த ஓய்வுக்கு அரசியல் சாசனத்திலேயே இடம் உண்டு. 1919-ஆம் ஆண்டு வைமார் சாசனத்தின் 139-ஆம் பிரிவை அப்படியே எடுத்து இன்றைய சாசனத்தில் சேர்த்திருக்கிறார்கள். புனித வெள்ளியன்று பல மாநிலங்களில் பொது இடங்களில் நடன நிகழ்ச்சிக்குத் தடை. சர்ச்சுக்கே போகாத ஜெர்மானியரும் அந்த அமைதிக்குள்தான் வாழ்கிறார்.

ஜெருசலேமில் வெள்ளி மாலை சூரியன் மறையுமுன், யூதர்களின் ஓய்வுநாள் தொடங்குகிறது என்று சைரன் ஊதும். அதோடு பேருந்துகள் நின்றுவிடும், சனி இரவுதான் திரும்ப ஓடும். சில கட்டடங்களில் லிஃப்ட் யாரும் பொத்தானை அமுக்காமலேயே ஒவ்வொரு தளத்திலும் தானாக நின்று நின்று போகும். ஓய்வுநாளில் மின்விசையை இயக்கக்கூடாது என்று கடைப்பிடிப்பவர்களுக்கான ஏற்பாடு அது. விஷயம் தெரியாத வெளியாள் லிஃப்ட் பழுது என்று நினைத்துக்கொள்வார்.

இவற்றிலெல்லாம் பெரியது பாலித் தீவின் நியேப்பி. சக நாட்காட்டிப்படி பாலி இந்துக்களின் ஆண்டுப் பிறப்பு, பெரும்பாலும் மார்ச்சில் வரும். 24 மணி நேரம் விளக்கு கூடாது, வேலை கூடாது, வெளியே போகக்கூடாது, கேளிக்கை கூடாது. விமான நிலையமே மூடப்படுகிறது. பெச்சாலாங் என்ற ஊர்க்காவலர்கள் தெருவில் சுற்றி வந்து ஜன்னலில் வெளிச்சம் தெரிந்தால் கதவைத் தட்டுவார்கள். சுற்றுலா வந்தவரும் விடுதிக்குள்தான் இருக்க வேண்டும். "நான் இந்து இல்லையே" என்று சொல்லி அங்கே வெளியே நடக்க முடியாது.

ரமலான் சந்திர மாதம் என்பதால் ஆண்டுதோறும் 10, 11 நாள் முன்னே நகரும். ஐக்கிய அரபு அமீரகத்தில் அந்த மாதம் தனியார் நிறுவன ஊழியர்களின் வேலை நேரம் தினமும் இரண்டு மணி குறையும். நோன்பு இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் அதே சலுகை. வார விடுமுறையும் அப்படித்தான். 2022 ஜனவரியில் வெள்ளி, சனி என்றிருந்ததைச் சனி, ஞாயிறு என்று மாற்றி, வெள்ளியைத் தொழுகைக்காக அரைநாள் ஆக்கினார்கள். பள்ளி நேரம், மருத்துவமனை அப்பாயிண்ட்மென்ட் எல்லாம் அதோடு சேர்ந்து நகர்ந்தன.

அதனால் புது ஊருக்குப் போனதும் முதல் வேலையாக அங்குள்ளவர் ஒருவரோடு உட்கார்ந்து, வருடத்தில் எந்தெந்த நாள் எதெல்லாம் நிற்கும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அரசு விடுமுறைப் பட்டியல் மட்டும் போதாது.

அரசுப் படிவத்தில் என் மதத்தைக் கேட்கிறார்கள். எதற்கு?

நாட்டுக்கு நாடு காரணம் வேறு. இந்தோனேசியாவில் அடையாள அட்டையிலேயே மதத்துக்கு ஓர் இடம் உண்டு. அரசு அங்கீகரித்த மதங்கள் ஆறு. 2017-இல் அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகுதான் பூர்வகுடி நம்பிக்கைகளைக் கடைப்பிடிப்பவர்களும் அதை அட்டையில் குறிப்பிட முடிந்தது.

ஜெர்மனியில் கேள்வி பணத்தோடு சேர்ந்தது. முகவரி பதியப் போனபோது எனக்கு முன்னால் இருந்த அதிகாரி பேனா நுனியால் ஒரு கட்டத்தைத் தட்டிக் காட்டி, நான் எழுதும் வரை காத்திருந்தார். ஒரு வேற்று நாட்டு அரசாங்கத்துக்கு என் கடவுள் எதற்கு என்று எனக்குச் சுருக்கென்றது. பிறகுதான் விளங்கியது. கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் என்று பதிவானவர்களிடம் சர்ச் வரியை அரசே வசூலித்துச் சபைகளுக்குக் கொடுக்கிறது. பவேரியா, பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலங்களில் 8 சதவீதம், மற்ற மாநிலங்களில் 9 சதவீதம். சம்பளத்தில் அல்ல, நீங்கள் கட்டும் வருமான வரியில் அந்தச் சதவீதம்.

ஒரு நண்பர் வந்த மூன்றாம் மாதம் சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் ஓடிவந்தார். குழந்தையாக இருந்தபோது ஞானஸ்நானம் பெற்றவர், அதற்கப்புறம் கோயில் பக்கமே போகாதவர். படிவத்தில் கத்தோலிக்கர் என்று எழுதியதைக் குடும்ப அடையாளமாக நினைத்திருந்தார். அங்கே அது சட்டபூர்வமான உறுப்பினர் பதிவு. விலக வேண்டுமானால் மாநிலத்தைப் பொறுத்துப் பதிவு அலுவலகத்துக்கோ உள்ளூர் நீதிமன்றத்துக்கோ நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். அவர் போகவில்லை. பல வாரம் யோசித்துவிட்டு, கட்டிவிடுகிறேன் என்றார். தன்னை இதுவரை யாரும் "நீ உள்ளே இருக்கிறாயா, வெளியே இருக்கிறாயா" என்று இவ்வளவு நேராகக் கேட்டதில்லை என்று சொன்னார். அந்தக் கேள்விதான் அவரை உலுக்கியது, தொகை அல்ல.

இந்து, முஸ்லிம், பௌத்தர், மதம் இல்லாதவர் ஆகியோருக்கு இந்த வரி இல்லை. உண்மையை எழுதுங்கள். பொய் எழுதி மாட்டிக்கொள்ளும் அளவுக்கு இது பெரிய விஷயமில்லை.

எது சட்டம், எது வழக்கம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள். வெளியாளின் தொல்லைகளில் பாதி இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வருகிறது.

சட்டத்துக்கு நீங்கள் கட்டுப்பட்டாக வேண்டும், பிடிக்கிறதோ இல்லையோ. மெக்காவுக்குள் முஸ்லிம் அல்லாதவர் போக முடியாது. நெடுஞ்சாலையிலேயே பலகை வைத்து வேறு வழிக்குத் திருப்பிவிடுவார்கள். பாகிஸ்தானில் நபிகள் நாயகத்தை இழிவுபடுத்தினால், குற்றவியல் சட்டம் 295-சி பிரிவில் மரண தண்டனை வரை உண்டு. இப்படிப்பட்ட சட்டங்கள் உள்ள நாட்டில் மதத்தைப் பற்றிய கேலிப் படம் ஒன்றை போனில் பகிர்வதும் விளையாட்டல்ல.

வழக்கம் வேறு. அதற்குத் தண்டனை இல்லை, ஆனால் ஒருவர் மனம் நோகும். துபாயில் என் முதல் ரமலானில், கீழே வந்திருந்த கனமான பார்சலை மேலே கொண்டுவர உதவ முடியுமா என்று எங்கள் கட்டடக் காவலரிடம் கேட்டேன். ஒரு வார்த்தை சொல்லாமல் தூக்கிக்கொண்டு வந்தார். பதினான்காவது மாடியில் அவர் பார்சலை இறக்கிவைக்கும்போது பாங்கு ஒலித்தது. அவர் கண்கள் ஒரு கணம் மூடின. நாள் முழுக்க ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிக்காத மனிதர், நோன்பு திறக்கும் நேரத்தில் என் வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சில சமயம் அதிகாரிகளே இரண்டையும் குழப்புவார்கள். 2014-இல் கையில் புத்தர் பச்சை குத்தியிருந்த பிரிட்டன் சுற்றுலாப் பயணி ஒருவரை இலங்கையில் கைது செய்து நாடு கடத்தினார்கள். அவர் வழக்குப் போட்டார். 2017-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவருடைய உரிமைகள் மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்து இழப்பீடு கொடுக்கச் சொன்னது. தீர்ப்பு அவர் பக்கம்தான், ஆனால் அதற்கு மூன்று வருடம் ஆனது.

தெரிந்துகொள்ள வழி எளிது. சட்டத்தைத் தூதரக அறிவிப்புகளிலும் அரசு இணையதளங்களிலும் பாருங்கள், ஒவ்வொரு வருடமும் பாருங்கள். மாறும். துபாயில் ரமலான் பகலில் உணவகங்கள் திரை போட வேண்டும் என்ற விதி 2021-இல் தளர்ந்தது. வழக்கத்தை மனிதர்களிடம் கேளுங்கள். "இது தப்பா?" என்று கேட்டால் மரியாதைக்கு இல்லை என்று சொல்லிவிடுவார்கள். "என் இடத்தில் இருந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். உண்மையான பதில் வரும்.

விடியற்காலை ஒலிபெருக்கியில் தூக்கம் போகிறது. புகார் செய்யலாமா?

2016-இல் மியான்மரின் மாண்டலே நகரில் ஒரு டச்சு சுற்றுலாப் பயணி இரவில் பௌத்த உரை ஒலித்துக்கொண்டிருந்த இடத்துக்குள் போய் ஒலிபெருக்கியின் இணைப்பைப் பிடுங்கிவிட்டார். மூன்று மாதக் கடுங்காவல். நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. அதில் தப்பே இல்லை. ஆனால் அந்த ஒயரில் கை வைத்தபோது அது மின்சார ஒயராக இருக்கவில்லை.

வீடு பார்க்கும்போதே தொழுகை நேரத்திலோ மணி அடிக்கும் நேரத்திலோ ஒரு தடவை போய் நின்று பாருங்கள். எத்தியோப்பியாவில் நோன்புக்காலங்களில் ஆர்த்தடாக்ஸ் கோயில்களின் பாடல் இரவில் நெடுநேரம் போகும், பக்கத்திலேயே பாங்கும் கேட்கும். குடியேறியாகிவிட்டது என்றால் காதடைப்பான் வாங்குங்கள். உண்மையிலேயே தாங்க முடியவில்லை என்றால் வீட்டு உரிமையாளர் மூலம் பேசுங்கள், நேரடியாகப் போகாதீர்கள். பலருக்கு ஆறாவது வாரத்தில் காது பழகிவிடுகிறது.

அவர்கள் வழிபாட்டுக்கு அழைக்கிறார்கள். போனால் என் நம்பிக்கைக்குத் துரோகமா?

போவது வேறு, பங்கெடுப்பது வேறு. பெரும்பாலான இடங்களில் அழைப்பவர்களுக்கே இது தெரியும். உங்களை மாற்றுவதற்காக அல்ல, தங்கள் வாழ்க்கையில் முக்கியமான ஓர் இடத்தைக் காட்டுவதற்காகத்தான் கூப்பிடுகிறார்கள்.

போகுமுன் மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள்: தலை, கால், கை. சர்ச்சில் ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும். யூத ஜெபாலயத்தில் ஆண்கள் தலையை மூட வேண்டும். குருத்வாராவில் ஆண் பெண் எல்லாரும் மூட வேண்டும். ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் கோயிலில் பெண்கள் மட்டும். பள்ளிவாசலிலும் குருத்வாராவிலும் செருப்பு வெளியே. தாய்லாந்துக் கோயில்களில் உட்காரும்போது பாதம் புத்தர் சிலையை நோக்கி நீண்டுவிடக் கூடாது, பெண்கள் துறவியைத் தொடக்கூடாது, எதையும் நேரடியாகக் கையில் கொடுக்கவும் கூடாது. கத்தோலிக்கத் திருப்பலியில் எல்லாரும் எழுந்து வரிசையில் போனால் கூட்டத்தோடு நீங்களும் போய்க் கையை நீட்டிவிடாதீர்கள். நற்கருணை கத்தோலிக்கருக்கு மட்டும். இருந்த இடத்திலேயே அமர்ந்திருப்பதை யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

மண்டியிடுவது, கும்பிடுவது, சேர்ந்து சொல்வது எல்லாம் உங்கள் மனசாட்சிக்கு விட்டது. எழுந்து நிற்பது மரியாதை. அதற்கு மேல் செய்வதை அரைமனத்தோடு செய்யாதீர்கள். அது அவர்களுக்கும் பெருமை இல்லை.

போகப் பிடிக்கவில்லையா? "அழைத்ததற்கு நன்றி, வழிபாடு எனக்குத் தனிப்பட்ட விஷயம்" என்று சொல்லுங்கள். வேலை இருக்கிறது என்று சாக்கு சொன்னால் அடுத்த வாரமும் அழைப்பு வரும்.

எங்களை உள்ளேயே விடவில்லை. அவமானமாக இருந்தது.

புரிகிறது. மொராக்கோவில் காசாபிளாங்காவின் இரண்டாம் ஹசன் பள்ளிவாசல் போன்ற ஓரிரண்டைத் தவிர மற்றவற்றில் முஸ்லிம் அல்லாதவருக்கு அனுமதி இல்லை. பூரி ஜகந்நாதர் கோயிலிலும் காத்மாண்டு பசுபதிநாதர் கோயிலின் மையச் சந்நிதியிலும் இந்து அல்லாதவர் நுழைய முடியாது. இது சரியா என்று அந்தந்த மதத்துக்குள்ளேயே வாதம் நடக்கிறது. உங்களைப் பார்த்து எடுத்த முடிவு அல்ல அது. வாசலில் வாதாடாதீர்கள்.

பார்த்த ஐந்தாம் நிமிடம் "எந்தச் சர்ச்சுக்குப் போகிறீர்கள்?" என்கிறார்கள். இது என்ன கேள்வி?

அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும் கானா, நைஜீரியா போன்ற நாடுகளிலும் இது சாதாரண விசாரிப்பு. எங்கே வேலை, எத்தனை பிள்ளைகள் என்பதைப் போல. உங்களுக்கு இங்கே யாராவது இருக்கிறார்களா என்பதுதான் அதன் உள்ளர்த்தம். உண்மையைச் சொல்லிவிட்டு, நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள். மகிழ்ச்சியாகப் பேசுவார்கள்.

ஆனால் ஒருவர் நீங்கள் மறுத்த பிறகும் துண்டுப்பிரசுரம், அழைப்பு, எச்சரிக்கை என்று தொடர்ந்தால் அது விசாரிப்பு அல்ல. ஒரு முறை தெளிவாக, குரலை உயர்த்தாமல் நிறுத்தச் சொல்லுங்கள். அவர் உங்கள் மேலதிகாரியாக இருந்தால் தேதி போட்டு எழுதி வையுங்கள், பணியாளர் பிரிவில் சொல்லுங்கள். வேலைக்கும் விசாவுக்கும் அதிகாரம் உள்ளவர் மதத்துக்குக் கூப்பிடுவது எந்த நாட்டிலும் எனக்கு ஏற்புடையதல்ல.

குழந்தை பள்ளியில் ஜெபம் சொல்லிக்கொண்டு வருகிறது. என்ன செய்வது?

முதலில் அந்த நாட்டு முறையைப் பாருங்கள். அயர்லாந்தில் பத்து தொடக்கப் பள்ளிகளில் கிட்டத்தட்ட ஒன்பது கத்தோலிக்க நிர்வாகத்தில் இருக்கின்றன. பக்கத்தில் வேறு பள்ளியே இருக்காது. 2018-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளிகள் ஞானஸ்நானத்தைச் சேர்க்கைக்கு அளவுகோலாக வைக்க முடியாது. மத வகுப்பிலிருந்து விலகும் உரிமை அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது. இங்கிலாந்தில் அரசுப் பள்ளிகளில் தினசரிக் கூட்டு வழிபாடு சட்டப்படி இருக்க வேண்டும், பெற்றோர் கேட்டால் விலக்கு உண்டு. பிரான்சு நேர்மாறு. 1905-இல் மதத்தையும் அரசையும் பிரித்தார்கள். 2004 முதல் அரசுப் பள்ளியில் கண்ணில் படும்படியான மத அடையாளங்களுக்குத் தடை. தலைத்துண்டு, பெரிய சிலுவை, யூதத் தொப்பி எல்லாவற்றுக்கும் ஒரே விதி. அதே பிரான்சில் அல்சாஸ்-மோசெல் பகுதிப் பள்ளிகளில் மத பாடம் உண்டு. 1905-இல் அது ஜெர்மனியின் கையில் இருந்ததால் அந்தச் சட்டம் அங்கே போகவில்லை.

விலக்குக் கடிதம் கொடுக்குமுன், அந்த நேரத்தில் குழந்தை எங்கே உட்காரும் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். நூலகத்தில் படிக்குமா, வகுப்பின் பின்வரிசையில் தனியாகவா? ஏழு வயதுக் குழந்தைக்கு மத பாடத்தைவிடத் தனியே உட்கார்வது அதிகம் வலிக்கலாம். வீட்டில் "அவர்கள் இப்படி நம்புகிறார்கள், நாம் இப்படி" என்று நேராகச் சொல்லுங்கள். குழந்தைகள் இதை நம்மைவிடச் சுலபமாக வாங்கிக்கொள்கிறார்கள்.

அங்கேயே கல்யாணம் செய்துகொள்ளலாமா?

விசாரிக்காமல் தேதி குறிக்காதீர்கள். இஸ்ரேலிலும் லெபனானிலும் உள்நாட்டில் சிவில் திருமணம் நடத்தும் வழக்கமான ஏற்பாடு இல்லை, மத அமைப்புகள் மூலம்தான். அதனால் பல ஜோடிகள் பக்கத்திலுள்ள சைப்ரசுக்குப் போய்ப் பதிவு செய்துகொண்டு திரும்புகிறார்கள். வெளிநாட்டில் நடந்த அந்தத் திருமணத்தை இரு நாடுகளும் பதிவில் ஏற்றுக்கொள்கின்றன.

துக்கம் விசாரிக்கப் போக வேண்டும். எப்படி நடந்துகொள்வது?

தயவுசெய்து போங்கள். முறை தெரியவில்லை என்று வீட்டிலேயே இருந்துவிடுவதுதான் வெளியாள் செய்யும் பெரிய தவறு. முறை தெரியாமல் வந்தவரை மன்னிப்பார்கள், வராதவரை மறக்க மாட்டார்கள்.

யூத வீடுகளில் அடக்கத்துக்குப் பின் ஏழு நாள் துக்கம். கண்ணாடிகள் மூடியிருக்கும், குடும்பத்தார் தாழ்வான இருக்கையில் இருப்பார்கள். பூ கொண்டுபோக வேண்டாம். துக்கத்தில் இருப்பவர் பேச ஆரம்பிக்கும் வரை நீங்களும் பேசாமல் அருகில் உட்காருங்கள். அந்த மௌனம் முதலில் நெஞ்சை அடைக்கும், பிறகு அதைவிடப் பொருத்தமாக வேறென்ன செய்திருக்க முடியும் என்று தோன்றும். ஜப்பானில் காணிக்கைப் பணத்தை அதற்கென்றே உள்ள உறையில் வைத்து, பெயரை வெளிறிய மையில் எழுதுவார்கள். கண்ணீர் விழுந்து மை கரைந்ததைப் போல. புதிய நோட்டு வைக்கக்கூடாது, இந்தச் சாவை எதிர்பார்த்துத் தயாராக இருந்ததுபோல் ஆகிவிடும். முஸ்லிம் வீடுகளில் அடக்கம் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் முடிந்துவிடும். செய்தி கேட்டவுடன் கிளம்புங்கள்.

நாமே அங்கே இறந்துபோனால்?

கேட்கச் சங்கடமாக இருந்தாலும் இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். கிரேக்க நாட்டின் முதல் தகன மையம் திறந்தது 2019-இல். அதுவரை தகனம் வேண்டியவர்கள் உடலைப் பல்கேரியா போன்ற நாடுகளுக்குக் கொண்டுபோனார்கள். ஜப்பானில் நிலைமை தலைகீழ். அங்கே கிட்டத்தட்ட எல்லாருக்கும் தகனம்தான், புதைக்க இடம் தேடி முஸ்லிம் குடும்பங்கள் நெடுந்தூரம் அலைகின்றன. ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் அஸ்தியை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது, கல்லறைத் தோட்டத்தில்தான் அடக்க வேண்டும்.

உங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி, உடன் இருக்கும் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். காப்பீட்டில் உடலைத் தாயகம் அனுப்பும் செலவு அடங்குமா என்று பாருங்கள்.

வாடகை வீட்டில் என் வழிபாட்டைச் செய்யலாமா?

பெரும்பாலும் செய்யலாம். முதலில் கூரையைப் பாருங்கள். ஊதுவத்திப் புகையில் அலாரம் அடித்துக் கட்டடமே கீழே இறங்கிய கதை ஒன்றுக்கு மேல் கேட்டிருக்கிறேன். குத்தகைப் பத்திரத்தில் திறந்த சுடருக்குத் தடை இருக்கிறதா என்றும் படியுங்கள். கூட்டம் சேர்த்துச் செய்வதென்றால் சவுதி அரேபியா போன்ற நாடுகளில் நிலைமை வேறு. பிற மதங்களின் பொது வழிபாட்டுக்கு அங்கே இடமில்லை.

இது பழக எவ்வளவு நாள் ஆகும்?

எனக்கு இரண்டு ரமலான் ஆனது. முதல் வருடம் சாயங்காலம் சாலை திடீரென்று வெறிச்சோடும்போது என்ன ஆபத்தோ என்று ஜன்னலுக்கு ஓடுவேன். இப்போது கடிகாரம் பார்க்காமலே எனக்கு அந்த நேரம் தெரிகிறது. பார்சல் வந்தால் பாங்கு முடிந்து அரை மணி கழித்துத்தான் கீழே போகிறேன், நானே தூக்கிக்கொண்டு வருகிறேன். எப்போதாவது முன்னாலேயே இறங்கிவிட்டால், அந்தக் காவலர் தான் விரித்திருக்கும் செய்தித்தாளின் ஓரத்தைக் கையால் தடவி எனக்கு இடம் விட்டு, ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து அங்கே வைக்கிறார்.